கலங்கல் யாருடையது?

திங்கட்கிழமை காலை எட்டேகால் மணிக்கு ஆய்வகத்தில் இன்குபேட்டரின் கதவைத் திறந்ததும் பயிற்சி பெறும் ஆறு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். அதுவரை ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைப் பற்றி ஆளாளுக்கு அளந்துகொண்டிருந்தவர்கள்தான். உள்ளே பன்னிரண்டு ஃபிளாஸ்குகள், ஆளுக்கு இரண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வைத்தபோது உள்ளிருந்த திரவம் இளஞ்சிவப்பாக, அடி தெரியும்படி தெளிவாக இருந்தது. இப்போது பன்னிரண்டும் மஞ்சளாகிக் கலங்கிக் கிடந்தன.

செல் வளர்க்கும் தொழிலில் இதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. உயிருள்ள செல்களை ஃபிளாஸ்க் என்ற குப்பியில் வைத்து, மீடியம் என்ற சத்துநீரை ஊற்றி, உடம்புச் சூட்டில் இருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் வளர்க்கிறார்கள். வெளியிலிருந்து ஒரே ஒரு கிருமி உள்ளே நுழைந்துவிட்டால் போதும், விருந்தாளி வீட்டுக்காரனாகிவிடுவான். இரண்டு நாளில் செல்களுக்கு வைத்த சாப்பாட்டை எல்லாம் அவனே தின்று, பெருகி, திரவத்தைக் கலக்கிவிடுவான். அதற்குப் பெயர் கலங்கல். ஆய்வகத்தில் யாரும் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

ஐந்து தலைகள் ஆறாவது ஆளின் பக்கம் திரும்பின. சொல்லிவைத்தாற்போல.

அந்த ஆறாவது ஆள் முப்பத்தேழு வயதுப் பெண். மற்றவர்கள் எல்லாம் இருபதைத் தாண்டி இரண்டு மூன்று வருடம் ஆனவர்கள். அவளை அவர்கள் பாட்டிலக்கா என்று கூப்பிட்டார்கள். காரணம் எளிது. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கழுவும் அறையில், பதினோரு வருடம் பாட்டில் கழுவியவள் அவள். குழாய்த் தண்ணீரில் மூன்று அலசு, காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று அலசு, பிறகு உலர்த்தும் அடுப்பு, கடைசியில், மூடியை இறுக்கித் திருகி நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவ். பாட்டில்களின் மேல் பேனாவால் எழுதியிருக்கும் பெயர்களை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து அழிப்பதும் அவள் வேலை. அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் படித்துவிடுவாள். படித்ததை வீட்டில் ஒரு பழைய டைரியில் எழுதிவைத்து, என்னவென்று தேடிப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் படித்தவள், அதற்கு மேல் படிக்க வாய்க்கவில்லை. நிறுவனத்தின் விதிமுறைப் புத்தகத்தில், பள்ளி அறிவியல் படித்த ஊழியர் யாரும் ஒரு வருட டெக்னீசியன் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம் என்று எங்கோ ஒரு மூலையில் இருந்தது. எழுதியவர்களே மறந்துபோன வரி. அவள் அதை நகலெடுத்து, விண்ணப்பத்தோடு பின் குத்திக் கொடுத்தாள். மறுக்க யாருக்கும் வழி தெரியவில்லை.

"மூணாவது தடவை" என்றாள் மேடம், ஃபிளாஸ்க் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி.

மேடம்தான் பயிற்சி கொடுப்பவள். முப்பது வயது இருக்கும். ஒன்பது வருட அனுபவம். வேலையில் கெட்டிக்காரி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, அவளுக்குத் துளியும் இல்லை. மூன்றாவது தடவை என்று அவள் யாரைச் சொன்னாள் என்பதையும் யாரும் கேட்கவில்லை. மூன்று முறை கலக்கியவருக்குப் பயிற்சியில் இடமில்லை. இது சுவரில் ஒட்டியிருந்த விதி. பாட்டிலக்காவின் கணக்கில் ஏற்கெனவே இரண்டு இருந்தது. மூன்றாவதும் அவள் தலையில் விழுந்தால், அன்றைக்கே கீழ்த்தளத்துக்கு இறங்கிப்போய் ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஒருமுறை போனவருக்கு மறுபடி விண்ணப்பிக்க அனுமதி கிடையாது.

அந்த இரண்டும் அவளுடையதுதான். அதை அவள் எப்போதும் மறுத்ததில்லை.

முதல் கலங்கல் வந்தபோது காரணம் யாருக்கும் புரியவில்லை. இரண்டாவது வந்தபோதும் புரியவில்லை. கை கழுவினாள், கையுறை போட்டாள், ஸ்பிரிட் தெளித்தாள், மூச்சைக்கூட அளந்து விட்டாள். கேபினெட் என்பது முன்னால் கண்ணாடி வைத்த ஓர் எஃகு மேடை. வடிகட்டிய காற்று அதற்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குள் கையை விட்டு, செய்ய வேண்டியதை எல்லாம் சொன்ன வரிசையில் செய்தாள். அப்படியும் கலங்கியது.

கண்டுபிடித்தது அவளுடைய நாத்தனார். மருந்துக்கடையில் பில் போடுகிறவள், கல்யாணம் ஆகாதவள், அண்ணன் வீட்டோடு இருப்பவள். ஒரு நாள் காலை சமையலறையில் நின்று பல் தேய்த்துக்கொண்டே அண்ணியைப் பார்த்தவள், வாயில் நுரையோடு சொன்னாள்.

"அண்ணி, எந்தக் கிளாஸை எடுத்தாலும் அதோட வாயை ஒரு சுத்து தடவுறீங்களே, எதுக்கு?"

"நானா? எப்ப?"

"இப்பக்கூடத்தான். நேத்து தண்ணி குடுத்தப்பவும். நான் என்னமோ வேண்டுதல்னு நெனச்சேன்."

பாட்டிலக்கா தன் கையைப் பார்த்தாள். கண்ணாடி டம்ளரின் விளிம்பில் ஆள்காட்டி விரல் உட்கார்ந்திருந்தது. கழுவும் அறையில் பாட்டிலை எடுத்ததும் முதல் வேலை, வாயை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பது. சில்லு பெயர்ந்திருந்தால் விரலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. பதினோரு வருடம், ஒரு நாளைக்கு முந்நூறு பாட்டில். விரல் அவளைக் கேட்டுக்கொண்டு தடவவில்லை. கேபினெட்டுக்குள்ளும் அதே விரல், கையுறையைப் போட்டுக்கொண்டு, திறந்த பாட்டிலின் வாயை அழகாக ஒரு சுற்றுச் சுற்றிவந்திருக்கிறது. ஊரில் உள்ள கிருமிக்கெல்லாம் வாசல் திறந்துவிட்ட மாதிரி.

அவள் அன்று அழுதாள். கொஞ்ச நேரம்தான். பிறகு மருந்துக்கடை நாத்தனாரிடம் பிளாஸ்டர் வாங்கி, ஆள்காட்டி விரலை மடங்காதபடி இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். ஒரு மாதம் சமையல், துவையல், தலை வாருவது எல்லாமே அந்தக் கட்டோடுதான். சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் பத்துப் பாட்டில்களை வரிசையாக வைத்து, மூடியைத் திறந்து, ஊற்றி, மூடிப் பழகினாள். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அவனுக்கு இதெல்லாம் வேடிக்கை.

"பாட்டிலுக்கு என்னைவிட மரியாதை கெடைக்குது இந்த வீட்டில" என்பான். "என் வாயை மூடறதுன்னா இவ்வளவு பதமா மூடுவியா நீ?"

"உங்க வாயை மூட ஆட்டோகிளேவ்தான் வரணும்."

கண்டுபிடித்த மறுநாளே அவள் மேடத்திடம் போய், முதல் இரண்டு கலங்கலுக்கும் காரணம் இதுதான் என்று சொல்லிவிட்டாள். ஒளித்துவைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சொன்னால் மற்றவர்களும் தங்கள் கையைப் பார்ப்பார்களே என்றுதான் நினைத்தாள். மேடம் சிரித்துவிட்டு, ஒரு மாதம் அவளுக்குப் பின்னால் நின்று கையைக் கவனிக்கும்படி ஒரு பையனிடம் சொன்னாள், வகுப்பில் எல்லோருக்கும் அந்தக் கதையையும் சொன்னாள். அதிலிருந்துதான் பாட்டிலக்கா என்ற பெயர் நிலைத்துப்போனது.

அதற்குப் பிறகு நான்கு மாதம் அவள் கையில் ஒன்றுகூடக் கலங்கவில்லை. அதை யாரும் கதையாகச் சொல்லவில்லை.

இப்போது இந்த மூன்றாவது.

வெள்ளிக்கிழமை நடந்தது இதுதான். அரை லிட்டர் மீடியம் பாட்டில் ஒன்று. முதலில் மேடம் அதைத் திறந்து எப்படி எடுப்பது என்று செய்துகாட்டினாள். பிறகு ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்து அதே பாட்டிலிலிருந்து எடுத்துத் தங்கள் ஃபிளாஸ்குகளில் ஊற்றினார்கள். பாட்டிலக்கா கடைசி ஆள். அவளுக்கு முன்னால் எடுத்தவர்களின் ஃபிளாஸ்குகளும் கலங்கியிருக்கின்றன என்றால், பாட்டில் அவள் கைக்கு வருவதற்கு முன்பே கெட்டிருக்க வேண்டும். குழந்தைக்குக்கூடப் புரிகிற கணக்கு. ஆனால் பழி என்பது கணக்குப் பார்த்து வருவதில்லை, பழகிய வீட்டுக்குத்தான் வரும்.

பத்து மணிக்கு மேடம் அவளைத் தன் மேசைக்குக் கூப்பிட்டாள். மற்ற ஐந்து பேரும் அங்கேயே, காதைத் தீட்டிக்கொண்டு, நோட்டில் எழுதுவதுபோல உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் தட்டச்சு செய்த கடிதம் ஒன்று இருந்தது. "எனது கைத்தவறால் பன்னிரண்டு ஃபிளாஸ்குகள் கலங்கின. பயிற்சியிலிருந்து விலகிக்கொள்கிறேன்." கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்றாள் மேடம். "உன் பழைய வேலை அப்படியே இருக்கும், நான் பேசிட்டேன். கையெழுத்துப் போடலைன்னா அதுவும் இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது."

வீட்டில் லிஃப்ட் மெக்கானிக்கின் வருமானம் எப்படிப்பட்டது என்று பாட்டிலக்காவுக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கடிதத்தை எடுத்து ஒருமுறை முழுதாகப் படித்தாள். படித்துவிட்டு, திருப்பி மேசையில் வைத்தாள்.

"போட மாட்டேன் மேடம்."

"என்னது?"

"முதல் ரெண்டும் என் கைதான். நானே வந்து சொன்னேன். இது என் கை இல்ல."

"உன் கை இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"என் கைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

யாரோ பேனாவைக் கீழே போட்டார்கள். மேடத்தின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"கொஞ்சம் மரியாதையாப் பேசு."

"நான் மரியாதையாத்தான் பேசறேன் மேடம். நீங்கதான் எட்டு மாசமா என்னை மட்டும் வா, போ, உக்காருன்னு சொல்றீங்க. இவங்கள்ளாம் என்னைவிடப் பதினஞ்சு வயசு சின்னவங்க. அவங்களுக்கு வாங்க, போங்க. கீழ்த்தளத்துல இருந்தப்ப நீ-ன்னு கூப்பிட்டீங்க, சரி, அப்பவும் சரியில்லதான், ஆனா விட்டுட்டேன். இப்ப நானும் அதே கோட்டுதான் போட்டிருக்கேன்."

இதை அவள் திட்டமிட்டுச் சொல்லவில்லை. எட்டு மாதமாக உள்ளே கிடந்தது, வாய்க்கு வழி கிடைத்ததும் வந்துவிட்டது. வந்தபிறகு அவளுக்கே ஒரு நிம்மதி.

மேடத்துக்கு இது எதிர்பாராத அடி. அந்த நொடியிலிருந்து அவள் ஒரு புதிய இலக்கணத்தைக் கண்டுபிடித்தாள். நீ என்று சொல்ல முடியவில்லை, நீங்க என்று சொல்ல மனம் வரவில்லை. ஆகவே ஆளே இல்லாமல் பேச ஆரம்பித்தாள். "இப்ப என்னதான் வேணுமாம்?" "இங்க வந்து நிக்கணும்." "அதை எடுத்து வைக்கணும்." அந்த வாரம் முழுக்க ஆய்வகத்தில் பாட்டிலக்காவிடம் பேசப்பட்ட எல்லா வாக்கியங்களும் காற்றிடம் பேசப்பட்டவை.

"சோதனை வேணும் மேடம்" என்றாள் பாட்டிலக்கா. "சும்மா மீடியம் வச்சு. செல் வேண்டாம். ஆளுக்கு ஒரு புதுப் பாட்டில், பத்து டெஸ்ட் ட்யூப். ஒவ்வொருத்தரா கேபினெட்ல உக்காந்து ஊத்தணும், மத்தவங்க பின்னாடி நின்னு பாக்கணும். மூணு நாள் இன்குபேட்டர்ல இருக்கட்டும். யாரோட ட்யூப் கலங்குதோ அவங்க கையில கோளாறு. என்னோடதுல ஒண்ணு கலங்கினாலும் நான் கையெழுத்துப் போட்டுட்டு அப்படியே கீழ எறங்கிப் போயிடறேன்."

"ஆறு பேரும் செய்யணுமா?" என்று கேட்டான் டிகிரி. இரண்டு பட்டம் வாங்கியவன், எதற்கெடுத்தாலும் "காலேஜ்ல இப்படி இல்லியே" என்று ஆரம்பிப்பவன், அதனால் அந்தப் பெயர்.

"ஏழு பேரும்" என்றாள் பாட்டிலக்கா.

அறையில் பயிற்சி பெறுகிறவர்கள் ஆறு பேர்தான் இருந்தார்கள். ஏழாவது யார் என்று எல்லோருக்கும் புரிய ஒரு நொடி ஆனது.

மேடம் சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். ஒன்பது வருடத்தில் அவள் கையில் கலங்கியதாக ஒரு வரிகூட எந்த ரிஜிஸ்டரிலும் கிடையாது. அவள் கையை யாரும் சோதித்ததில்லை என்பது வேறு விஷயம். "சரி. செஞ்சிட்டாப் போச்சு. பாத்துட்டாவது நிம்மதியாப் போகட்டும்" என்றாள் காற்றிடம்.

செவ்வாய்க்கிழமை சோதனை நடந்தது.

டிகிரி முதலில் உட்கார்ந்தான். கை வேகம். ஐந்தாவது ட்யூபிலிருந்து அவனுக்கு அலுப்புத் தட்டியது தெரிந்தது. மற்ற நான்கு பேரும் பயந்து பயந்து ஊற்றினார்கள், நன்றாகவே ஊற்றினார்கள். பாட்டிலக்காவின் முறை வந்தபோது அவள் விரலில் இப்போது பிளாஸ்டர்கூட இல்லை. மூடியைத் திறந்தாள். விரல் அடங்கி உட்கார்ந்திருந்தது. பிப்பெட் என்ற நீளமான உறிஞ்சுகுழலில் மீடியத்தை எடுத்து, ட்யூபின் வாய்க்கு மேலே கையைக் கொண்டுபோகாமல் பக்கவாட்டிலிருந்து ஊற்றினாள். பத்து ட்யூபுக்குப் பன்னிரண்டு நிமிடம். முதுகுக்குப் பின்னால் ஆறு ஜோடிக் கண்கள் ஒட்டிக்கொண்டிருப்பது சட்டை வழியாகச் சுட்டது. அவள் மனசுக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. பாருங்கடா, நல்லாப் பாருங்க.

கடைசியில் மேடம் உட்கார்ந்தாள்.

அழகான கை. பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் மேடத்துக்கு ஒரு பழக்கம். பின்னால் ஆட்கள் நின்றால் அவளால் சும்மா வேலை செய்ய முடியாது, பாடம் நடத்தத் தொடங்கிவிடுவாள். ஐந்து வருடமாகக் கற்றுக்கொடுக்கிறாளே. "இந்தக் கோணத்தைக் கவனிங்க, படத்துல மூணாவதா இருக்கு பாருங்க" என்று சொல்லியபடி, கையிலிருந்த பிப்பெட்டைக் கேபினெட்டுக்கு வெளியே எடுத்து, சுவரில் இருந்த படத்தைச் சுட்டிக்காட்டினாள். பிறகு வெளிக்காற்று பட்ட அதே பிப்பெட்டை உள்ளே கொண்டுபோய் நான்காவது ட்யூபில் ஊற்றினாள். அவள் கையில் அது பிப்பெட் இல்லை, சாக்பீஸ்.

பாட்டிலக்கா அதைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை செய்துகாட்டியபோதும் மேடம் இப்படித்தான் சுட்டிக்காட்டியிருப்பாள். காட்டினாளா? காட்டினாள்! எல்லோரும் படத்தைப் பார்த்தோம், ஒருத்தரும் கையைப் பார்க்கவில்லை. சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இப்போது சொன்னால் ட்யூபைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறொன்று ஊற்றிவிடுவார்கள், தன்னுடையது வெறும் வாய்ச்சண்டையாகிவிடும். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். ட்யூபே சொல்லட்டும்.

எழுபது ட்யூபுகளையும் இன்குபேட்டரில் வைத்த பிறகு, கதவின் மேல் குறுக்காக டேப் ஒட்டி, அதில் ஏழு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள் பாட்டிலக்கா. "இதெல்லாம் கொஞ்சம் ஓவர்" என்றான் டிகிரி. "எனக்கு ஓவர் இல்ல தம்பி. எனக்கு இது வேலை" என்றாள் அவள். போட்டார்கள்.

அந்த மூன்று நாளும் அவள் வீட்டில் யாரிடமும் ஒழுங்காகப் பேசவில்லை. நாத்தனார் மட்டும் ஒருமுறை கேட்டாள், "அண்ணி, ஒருவேளை உங்களோடதே கலங்கிட்டா?"

"கலங்காது."

"ஒரு பேச்சுக்கு."

"ஒரு பேச்சுக்கும் கலங்காது."

வெள்ளிக்கிழமை காலை டேப்பைக் கிழித்தார்கள். மேடம் ஒவ்வொரு ட்யூபாக எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து எண்ணைச் சொல்ல, டிகிரி தன் நோட்டில் குறித்துக்கொண்டான். பிறகு அதை மேடம் ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும், பக்கத்தின் அடியில் ஒரே ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் பக்கத்தில் இருப்பவை செல்லும்.

டிகிரியின் ஒன்பதாவது ட்யூப் கலங்கியிருந்தது. அவன் முகம் செத்துப்போயிற்று. மற்ற நான்கு பேருடையதும் தெளிவு. பாட்டிலக்காவுடைய பத்தும் தெளிவு. பத்தாவதை மேடம் ரொம்ப நேரம் பார்த்தாள், ஏதாவது இருக்காதா என்று. இல்லை. பாட்டிலக்கா வாய்விட்டு ஒரு மூச்சு விட்டாள், அறை முழுக்கக் கேட்டது.

பிறகு மேடம் தன்னுடையதை எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதை எடுத்தவள், எண்ணைச் சொல்லவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லேசாகக் குலுக்கினாள். அடியிலிருந்து புகை கிளம்பின மாதிரி எழுந்தது.

டிகிரியின் பேனா நோட்டின் மேலேயே நின்றது.

மேடம் அதைத் தாங்கியில் திரும்ப வைத்தாள். மீதி ஆறையும் பார்த்தாள், அவை தெளிவு. பிறகு ரிஜிஸ்டரை இழுத்து, பயிற்சி பெறும் ஆறு பேரின் முடிவையும் வரிசையாக எழுதினாள். ஆறாவது வரிசைக்குக் கீழே கோடு கிழிக்க அடிக்கோலை எடுத்தாள்.

"பாஸ்" என்றாள், யாரையும் பார்க்காமல். "அந்த லெட்டரைக் கிழிச்சுப் போட்டுடலாம். பயிற்சி தொடரலாம். இதோட விஷயம் முடிஞ்சுது."

அதற்காகத்தானே அவள் ஒரு மாதம் விரலைக் கட்டிக்கொண்டு திரிந்தாள்? வாங்கிக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் போயிருப்பார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவளுக்கும் அப்படியே போய்விட ஆசையாகத்தான் இருந்தது. கால் நகரவில்லை.

"ஏழாவது வரிசை மேடம்."

"இது பயிற்சி எடுக்கறவங்களுக்கான பக்கம்."

"எழுபது ட்யூப் வச்சோம். அறுபதுதான் எழுதியிருக்கு."

"பாஸ்னு சொல்லியாச்சு. இன்னும் என்ன?"

"என்னோட ரெண்டு கலங்கலும் இந்த ரிஜிஸ்டர்ல இருக்கு. தேதியோட, காரணத்தோட. தம்பியோட ஒன்பதாவது ட்யூப் இருக்கு. உங்களோட நாலாவது மட்டும் இல்லைன்னா இந்தப் பக்கமே பொய். பொய்யான பக்கத்துல நான் தெளிவுன்னு எழுதியிருந்தா, அது எப்படி மேடம் உண்மையாகும்? எனக்கு அந்தப் பாஸ் வேண்டாம்."

"வேண்டாமா?" மேடத்தின் குரல் உயர்ந்தது. "அப்ப நான் கையெழுத்தே போடலை. இந்தப் பக்கமே இல்லைன்னு ஆயிடும். அப்புறம் கீழதான் போகணும், தெரியுமில்ல?"

"தெரியும். போடாதீங்க. ஆனா நான் போக மாட்டேன். நாளைக்கும் எட்டு மணிக்கு இங்கதான் வருவேன். அனுப்பணும்னா காரணத்தை எழுதி அனுப்புங்க. என் பத்து ட்யூபும் தெளிவா இருந்துச்சு, அதனால அனுப்பறேன்னு எழுதுங்க."

டிகிரி தொண்டையைக் கனைத்தான். பயந்த குரலில்தான் சொன்னான், ஆனாலும் சொன்னான். "மேடம், என்னோடது மட்டும் கலங்கல்னு இருக்கறது எனக்கும்... ஒரு மாதிரியா இருக்கு. எழுதிடுங்களேன்."

மற்ற நான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை.

மேடம் தாங்கியிலிருந்த நான்காவது ட்யூபை மறுபடி எடுத்தாள். இந்த முறை வெளிச்சத்தில் தூக்கவே தேவைப்படவில்லை. அவள் கெட்டவள் இல்லை, கர்வம் பிடித்தவள். ஒன்பது வருடமாகத் திரவத்தைப் பார்த்துப் பார்த்துத் தெளிவு, கலங்கல் என்று பிரித்த கண் அது. அந்தக் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்வது அவளுக்கும் முடியவில்லை. அடிக்கோலைத் தள்ளிவைத்துவிட்டு, ஏழு என்று எழுதி, தன் பெயரை எழுதி, பக்கத்தில் கிறுக்கலாக ஒரு சொல்லை எழுதினாள். அடியில் கையெழுத்துப் போட்டு, ரிஜிஸ்டரைத் திருப்பி நீட்டினாள்.

"எழுதியாச்சு. போதுமா?"

பாட்டிலக்கா குனிந்து படித்தாள். பதினோரு வருடம் பாட்டில் மேலிருந்த கிறுக்கல்களை எல்லாம் படித்துப் பழகிய கண்.

"மேடம், புள்ளி."

"என்ன புள்ளி?"

"கலங்கல-ன்னு எழுதியிருக்கீங்க. கடைசி எழுத்துல புள்ளி இல்ல. நாளைக்கு யாராவது படிச்சா 'கலங்கலை, தெளிவாத்தான் இருந்துச்சு'ன்னு ஆயிடும்."

டிகிரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமலாக மாற்றிக்கொண்டான். மேடத்தின் காது மடல் சிவந்தது. வேண்டுமென்று விட்டாளா, அவசரத்தில் விட்டாளா என்பது அவளுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. பேனாவை எடுத்து அந்த லகரத்தின் தலையில் ஒரு குத்துக் குத்தினாள். தாள் கிழிந்து அடுத்த பக்கத்திலும் மை இறங்கியது.

"இப்ப?"

"இப்பச் சரி மேடம்."

"நல்லது. நாளைக்கு எட்டு மணிக்கு ஒரு நிமிஷம் லேட்டானாலும் உள்ள விட மாட்டேன்."

"ஏழே முக்காலுக்கே வந்துடுவேன். நாளைக்கு நீங்க கேபினெட்ல உக்காரும்போது நான் பின்னாடி நிக்கணுமே."

"எதுக்கு?"

"கலங்கினவங்க உக்காந்தா தெளிஞ்சவங்க ஒருத்தர் பின்னாடி நின்னு கையைப் பாக்கணும். நீங்க போட்ட ரூல்தான். எனக்குப் பின்னாடி இந்தத் தம்பி ஒரு மாசம் நின்னாரே."

மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த வாரத்தில் முதல்முறையாகக் காற்றிடம் பேசாமல், நேராக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"எத்தனை நாளைக்கு நிப்பீங்க?"

"தெளியற வரைக்கும், மேடம்."